நான் அடித்த ‘சில சமயம்’

போன மாதம், எழுதத் தொடங்கியிருக்கும் நீங்கள் நாலு பேர் தென்காசியில் என் வீட்டுக்கு வந்து, “அறிவியல் உங்களை எப்படிக் கதைக்காரன் ஆக்குச்சுன்னு எங்க கூட்டத்துல வந்து பேசணும் சார்” என்று கேட்டீர்கள். பேச வராது என்றேன். அது பொய். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பேசிய வாய் இது. பேசினால் முடிவில் கைதட்டுவீர்கள், அதை வாங்கிக்கொள்ளத் தெம்பு இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள், போதும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. விருப்ப ஓய்வு வாங்கி நாலு வருடம் ஆகிறது. கதை எழுதுவதை விட்டு மூன்று வருடம். ஏன் விட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை, மரியாதைக்கு. ஆனால் நாலு பேருடைய கண்ணிலும் அந்தக் கேள்வி இருந்தது.

ஆசையிலிருந்து தொடங்குகிறேன். சாரல் துளி கன்னத்தில் விழும்போது ஏன் வலிப்பதில்லை? பன்னிரண்டு வயதில் வந்த கேள்வி. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதே, ஒரு கல்லைப் போட்டால் மண்டை பிளந்துவிடுமே. பதில் கிடைக்க நாலு வருடம் ஆயிற்று. விழ விழத் துளியின் வேகம் கூடும், கூடக் கூடக் காற்று கீழிருந்து தாங்கும், ஒரு கட்டத்தில் துளியின் எடையும் காற்றின் தாங்கலும் ஈடாகி, அதற்கு மேல் வேகம் கூடாமல் துளி மெல்ல இறங்கும். மேகத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் கைக்குழந்தையின் இமையில் வலிக்காமல் வந்து உட்கார இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை வாசித்த அன்று அழுதேன். இதைவிடப் பெரிய கருணையை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை, இன்றுவரைக்கும். இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்ற தவிப்பு, அந்தத் தவிப்புதான் என்னை எழுத வைத்தது. உங்களுக்கும் அதுதானே?

நான் முதலில் எழுதிய கதைகள் பாடப்புத்தகத்துக்குச் சேலை கட்டிவிட்டது போல இருக்கும். அவற்றைத் திருத்தியவர் தென்காசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒரு சிறுபத்திரிகையும் கொண்டுவருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ‘என் பேரைப் போட்டீரு, பாத்துக்கிடும்’ என்று மிரட்டி வைத்திருப்பதால் அச்சகக்காரர் என்றே சொல்கிறேன்.

ஆனி மாதச் சாரலில் ஒரு பெண் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள். இதுதான் நான் அவருக்குக் கொடுத்த முதல் கதை. அதில் காற்றின் ஈரப்பதம் பற்றி மூன்று பக்கம். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளைக்குத் துணி காஞ்சுதாவே?”

“அது கதைக்கு முக்கியம் இல்லை.”

“அவளுக்கு முக்கியம்லா? நாளைக்குக் காலையில கல்யாண வீட்டுக்குப் போகணும்னு நீருதான எழுதியிருக்கீரு. ஈரச் சேலையோடயா போவா?”

வெட்கத்தோடு எழுந்து வந்தேன். ஒரு வாரம் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். பக்கத்து மாடியில் ஓர் அம்மா கொடியிலிருந்து ரவிக்கையை எடுத்து, தையல் மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், கன்னம் சில்லிடும். மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஒரு அசைவை எழுதினேன். அச்சகக்காரர் அப்படியே அச்சுக்கோத்து அனுப்பிவிட்டார்.

இது உங்களுக்குப் பயன்படும், வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததைச் சொல்லாதீர்கள், தெரிந்தது ஒரு கையின் அசைவாக மாறும்வரை மாடியிலேயே நில்லுங்கள். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது எதுவும் அவ்வளவு பயன்படாது.

இப்படி எழுத எழுத எனக்கு ஒரு பெயர் வந்தது. ‘இவரு உள்ளதத்தான் எழுதுவாரு’ என்றார்கள். அந்தப் பெயரை எனக்கு முதலில் வைத்தவர் சுடலை.

சுடலை குற்றாலத்து ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் காலம் முழுவதும் அங்கே நிற்பார். வருகிறவர்களை மரப்பலகையில் உட்காரவைத்து, எண்ணெயைத் தலையில் ஊற்றி, முதுகைப் பிசைந்து, இரண்டு தோளிலும் தட்டி, அருவிக்கு அனுப்புவார். மகா வாசகர். கூட்டம் இல்லாத நேரத்தில் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். நான் தலையைக் கொடுத்தால் கதைக்கான விமர்சனமும் எண்ணெயோடு இறங்கும்.

“தலைய ஆட்டாதீய அண்ணாச்சி. போன கதையில, வெயிலு முதுகுல பட நின்னாத்தான் அருவியில வானவில்லு தெரியும்னு எழுதியிருந்தீயள்ளா?”

“ஆமா.”

“நம்பல நான். மறுநாள் காலையில போயி நின்னு பாத்தேன். முதுகுல வெயிலு, எதுக்க வானவில்லு. திரும்பி நின்னேன், இல்ல. மறுபடி திரும்புனேன், இருக்கு. இருபது வருசமா இங்கன நிக்கேன், ஒருத்தன் சொல்லலியே! அன்னைக்குப் பூரா வந்தவன் போனவனையெல்லாம் பிடிச்சுத் திருப்பித் திருப்பி நிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் போலீசக் கூப்பிடுவேன்னுட்டான்.”

சிரித்துக்கொண்டே மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான். இனி நான் எதை எழுதினாலும் இந்த ஆள் நம்புவார் என்பது அந்தத் தட்டில் இருந்தது. எனக்கு அது மகிழ்ச்சியாக மட்டுமே பட்டது. பயந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட வேலையில் இருந்த கடைசி வருடத்தில் ஒரு வெள்ளக் கதை எழுதினேன். காட்டில் வேலை பார்த்த ஒருவர் எப்போதோ ஒன்று சொல்லியிருந்தார். மேலே ஒரு பெரிய மரம் விழுந்து ஓடையை அடைத்துக்கொண்டதாம். சற்று நேரம் அருவி மெலிந்து சத்தமே இல்லாமல் போயிற்றாம். பிறகு அடைப்பு உடைந்து வெள்ளம் வந்ததாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் ஆள் பார்த்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கத்துவதற்கு முன் மூச்சை இழுக்கும் அருவி! கதையில் இப்படி எழுதினேன்: ‘வெள்ளம் வருமுன் சில சமயம் அருவி மூச்சை இழுக்கும். நூறு எண்ணும் நேரம் சில சமயம் உண்டு.’

சத்தமாக வாசித்துப் பாருங்கள். நொண்டுகிறது, இல்லையா? எனக்கும் நொண்டிற்று. இரண்டு நாள் அந்த வரியோடு நடந்தேன், குளித்தேன், வகுப்பெடுத்தேன். மூன்றாம் நாள் இரண்டு இடத்திலும் ‘சில சமயம்’ என்பதை அடித்தேன். ‘வெள்ளம் வருமுன் அருவி மூச்சை இழுக்கும். நூறு எண்ணும் நேரம் உண்டு.’ வரி எழுந்து நடந்தது. அது நடந்த அழகில் நான் மயங்கிப் போனேன்.

பத்திரிகை அச்சேறும் நாள் காலையில், ஆசிரியர்கள் அறையில் இருந்தபோது அச்சகக்காரர் கூப்பிட்டார். பின்னால் எந்திரம் ஓடும் சத்தம்.

“இந்த மூச்சு இழுக்குத சமாச்சாரம் மெய்யாவே?”

“நடந்திருக்கு.”

“நடந்திருக்குன்னா? எப்பவும் நடக்குமா?”

அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. சுண்ணக்கட்டியும் கையுமாக நின்றேன். ‘இல்லை’ என்றால் அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டும், வரியை மறுபடி நொண்டியாக்க வேண்டும். “தண்ணி அடைச்சா அளவு குறையும், உடைஞ்சா கூடும். சாதாரண இயற்பியல் அது” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரிதான், மொத்தமும் ஏமாற்று.

“நீரு சொன்னாச் சரிதான்” என்று வைத்துவிட்டார்.

அவசரத்தில் செய்த தவறு என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏற்கெனவே செய்துவிட்டதைக் காப்பாற்றத்தான் அந்த மணி எனக்கு உதவியது. அடித்தது நிதானமாக, மூன்று நாள் யோசித்து, காதலோடு.

இந்தத் தொழிலில் மட்டும் நடக்கும் தவறு இது. அறிவியல் தெரியாதவன் கதையில் பொய் சொன்னால் கதை என்று விட்டுவிடுவார்கள். சும்மா அறிவியல் எழுதுகிறவன் ‘சில சமயம்’ என்பதை அடிக்கமாட்டான், அவனுக்கு ஓசை ஒரு பொருட்டே இல்லை. இரண்டின் மேலும் ஆசை வைத்தவன் மட்டும்தான், பத்து உண்மை கட்டிக்கொடுத்த பாலத்தின் மேல் பதினோராவதாக ஒரு பொய்யை ராஜநடையில் நடத்திக்கொண்டு போவான்.

கதையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது. அருவிப் படத்தின் மேல் எழுதி அனுப்பினார்கள். அடுத்த சாரலுக்குள் குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடைப் பலகையில் இருந்தது: ‘வெள்ளம் வருமுன் அருவி மூச்சை இழுக்கும் - முன்னோர் மொழி.’ அதைப் படம் பிடித்து அச்சகக்காரருக்கு அனுப்பினேன். ‘உம்மை உசிரோடயே முன்னோராக்கிட்டானுவளேவே’ என்று பதில் வந்தது. சிரித்தேன். கடைக்காரரிடம் இது முன்னோர் மொழி இல்லை என்று சொல்லவில்லை. பெருமை, வேறென்ன. பெயர் உதிர்ந்துபோய் ஊரின் வாயில் கலப்பதைவிட ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சாரலில்தான் அது நடந்தது.

மலைமேல் மழை. ஐந்தருவியில் தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கியது. காவலுக்கு நின்றவர் விசில் அடித்தார், எல்லோரும் கரையேறினார்கள். சுடலையின் பலகையில் ஒருவர் உச்சி முதல் கால்வரை எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார், வெளியூர்க்காரர். இப்படியே எப்படி வேனில் ஏறுவது என்று அவர் கேட்க, சுடலை சொன்னாராம்: “அருவி இன்னும் மூச்சு இழுக்கல சார். இழுத்தாலும் நூறு எண்ண நேரம் இருக்கு. வாங்க, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருவோம்.”

அருவி மூச்சை இழுக்கவே இல்லை. வந்தது. சுடலை அந்த ஆளைக் கரைக்குத் தள்ளிவிட்டார், அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளத்தோடு வந்த மரத்துண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவில் சுடலையின் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் இருக்கின்றன, மடங்காது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நம்ம தப்புத்தான் அண்ணாச்சி” என்றார். “அது மூச்சு இழுத்திருக்கும். கூட்டம் போட்ட கூச்சல்ல நான் கவனிக்கல. நீங்கதான் தெளிவா எழுதியிருக்கீயளே.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாங்கிப் போயிருந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்திரிகையில் நாலு வரி திருத்தம் போட்டோம். பழைய வரியே நன்றாக இருந்தது என்று ஒரு வாசகர் கடிதம் எழுதினார். சிப்ஸ் கடைக்காரரிடம் பலகையை எடுக்கச் சொன்னேன். “எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்லுததுல்லா சார் இது! படிச்ச ஆளுவளுக்கு முன்னோருன்னாலே எளக்காரம்” என்றார். அதன்பிறகு நான் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதே தண்டனை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வசதியான தீர்ப்பு அது. சுடலையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கை போனபின் அவர் மனைவி பேச்சியம்மாளின் ஊரான கீழப்பாவூருக்குப் போய்விட்டார், ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் என்று கேள்விப்பட்டேன். அதோடு சரி.

இந்த வருடம், சாரல் தொடங்கிப் பத்தாம் நாள், மூன்று வருடத்துக்குப் பிறகு ஐந்தருவிக்குப் போனேன். சுடலை நின்ற அதே இடத்தில் அவருடைய தம்பி மாடசாமி. முப்பத்தைந்து வயது, அண்ணனைப் போலவே அகன்ற கை. ஒருவர் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்: “பயப்படாதீய சார். மூச்சு இழுக்காம அருவி ஒண்ணும் செய்யாது. கவனமா காதைக் குடுக்கணும், அம்புட்டுத்தான்.”

பக்கத்தில் போய், “அது தப்பு தம்பி. அப்படி ஒண்ணு கிடையாது” என்றேன்.

“நீங்க யாரு சார்?”

“அதை எழுதினவன்.”

மாடசாமி தேய்ப்பதை நிறுத்தாமலே என்னை மேலும் கீழும் பார்த்தார். “முன்னோர் சொன்னதுல்லா அது? உங்களப் பாத்தா அம்புட்டு வயசு தெரியலியே!” பலகையில் இருந்தவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு மாடசாமியின் குரல் மாறியது. “எங்க அண்ணன் கையக் குடுத்துப் படிச்சுக்கிட்டது சார் இது. ‘நான் கவனிக்காம விட்டேன், நீ விட்றாதலே’ன்னு சொல்லித்தான் என்னை இங்கன நிப்பாட்டினான். அவன் வந்து இல்லேன்னு சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்.”

மறுநாள் காலையில் கீழப்பாவூருக்குப் போனேன். சுடலை வாசலில் இடது கையால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். முகம் அப்படி மலர்ந்தது.

“ஏட்டி பேச்சி, யாரு வந்திருக்கான்னு பாரு! கதை எழுதுத அண்ணாச்சி. காப்பி போடு. ஏன் அண்ணாச்சி, இப்பம் ஒண்ணும் எழுதலியா? இங்கன புத்தகம் ஒண்ணும் கெடைக்க மாட்டேங்கு.”

காப்பி வந்தது. குடித்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் கீழே வைத்துவிட்டேன்.

“சுடலை, அந்த மூச்சு இழுக்கிறது எல்லாத் தடவையும் நடக்காது.”

“நடக்கும். கூச்சல்ல கேக்காது.”

“இல்லை. ஒரு மரம் அடைச்சு ஒரே ஒரு தடவை நடந்ததா ஒருத்தர் சொன்னார். நான் முதல்ல ‘சில சமயம்’னுதான் எழுதியிருந்தேன். அப்புறம் அடிச்சுட்டேன்.”

“எதுக்கு அடிச்சீய?”

“வாக்கியம் நல்லா இருக்கட்டும்னு.”

முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

அதற்குமேல் அவர் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தேன், இருந்தது. “அப்பம் அன்னைக்கு அது மூச்சு இழுக்கல.”

“இல்லை.”

“நான் கவனிக்காம இருந்தேன்னு இல்ல.”

“இல்லை.”

“என் தப்புன்னு இருந்தவரைக்கும் தாங்குச்சு அண்ணாச்சி. தொழில்ல ஒரு தப்புப் பண்ணுனேன், அதுக்குக் கை போச்சு. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்பம் வந்து…”

பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னண்ணாச்சி? கொழுந்தன் ரெண்டு சாரலா அங்கன நிக்காரு. இவுகதான் அனுப்பி வச்சாக.”

சுடலை எழுந்தார். “பேச்சி, சட்டைய எடு” என்றார். அவர் பொத்தானைப் பேச்சியம்மாள் போட்டுவிட்டார்.

தென்காசியில் பஸ் மாறி இருவரும் ஐந்தருவி வந்து சேர்ந்தோம். மாடசாமி அண்ணனைக் கண்டதும் ஓடி வந்தார். பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது.

“ஏலே, அது பொய்யிலே” என்றார் சுடலை.

“எதுண்ணே?”

“மூச்சு இழுக்குதது. அப்படி ஒண்ணும் கெடையாது. தண்ணி கலங்குனா ஓடு. விசில் அடிச்சா ஓடு. காதைக் குடுத்துக்கிட்டு நிக்காத. வாரவுககிட்டயும் இதச் சொல்லு.”

மாடசாமி என்னைப் பார்த்தார். மறுபடி அண்ணனைப் பார்த்தார். “அப்பம் உன் கை?”

சுடலை வலது கையைத் தூக்கி, முதல் முறை பார்ப்பது போலப் பார்த்தார். “அது சும்மா போச்சுலே” என்றார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அறிவியல் எனக்குக் கண் கொடுத்தது, பொறுமை கொடுத்தது, சரியான சொல் கொடுத்தது. அதெல்லாம் சேர்ந்து வாசகரின் நம்பிக்கையைக் கொடுத்தது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் கொடுக்கவில்லை. அதை எங்கே கற்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. ‘எழுதுங்கள்’ என்று உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ‘எழுதாதீர்கள்’ என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

அன்று திரும்பும்போது பஸ் படியில் ஏறச் சுடலைக்குக் கை கொடுத்தேன். அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, தோளில் இருந்த துணிப்பையை இறக்கிப் பக்கத்தில் இருந்த இடத்தில் வைத்தார். நான் தென்காசிவரை நின்றுகொண்டே வந்தேன்.